ஒளியின் கணக்கறிந்த கிருஷ்ணன்

தென்பாண்டி நாட்டிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அணித்தே வத்திராயிருப்பு என்றோர் ஊர் உளது. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். பிற்காலத்தில் உலகம் அவரைச் சர் கே. எஸ். கிருஷ்ணன் என்று அறிந்தது.

நம் சங்கத்து மலரிலே பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதுக என எனக்குப் பணித்தபோது, புலவரையும் நாட்டுத் தலைவரையும் விடுத்து ஒரு விஞ்ஞானியைத் தேர்ந்தேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. நம்மைப் போலவே அவரும் ஊரை விட்டு வடக்கே வந்தவர். கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டில்லி என்று நாற்பது ஆண்டுகள் வெளியூர்களிலேயே வாழ்ந்து முடித்தவர். மற்றொரு காரணம் இது: இராமன் விளைவு என்னும் பெயரை நம் காலனியிற் பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியர் யாவரும் அறிவர். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் அதன் பொருட்டே தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விளைவைக் காண்பதற்காக இருட்டறையில் நாட்கணக்கில் அமர்ந்து, தம் கண்ணையே நோகச் செய்துகொண்டவர் யார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

கிருஷ்ணனின் தந்தையார் வேளாண்மையோடு புலமையும் உடையவர். தமிழ், வடமொழி இரண்டிலும் வல்லவர். அவ்விரு மொழிகளின் பற்றும் மகனுக்கு வந்தது, இறுதிவரை விலகவில்லை. உள்ளூர்ப் பக்கத்திலே பள்ளிக் கல்வி முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். கிறித்துவக் கல்லூரியிலேயே சிலகாலம் இரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநராகப் பணி புரிந்தார். அப்போது நண்பகல் உணவு வேளையில் மாணவர் சிலர் அவரைச் சூழ்ந்துகொள்வர். பௌதிகமாயினும் கணிதமாயினும் எவரும் எதையும் வினவலாம். நாளடைவில் பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்திற்கு வரத் தொடங்கினராம். ஆசிரியத் தொழிலில் இப்படிப்பட்ட நண்பகல்கள் வாய்ப்பது அரிது.

1920-ஆம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அந்நாளிற் பௌதிகம் கற்க விழைந்த தென்னாட்டு இளைஞர்க்குக் கல்கத்தா ஒரு காசி. அங்கே சர் சி. வி. இராமன் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். அவருடைய உண்மையான வாழ்விடமோ பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய கழகம் அது. இராமனும் முதலில் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தரே. 1907 முதல் பத்தாண்டுக் காலம் அரசாங்க நிதி இலாகாவிற் கணக்கு அதிகாரியாக இருந்துகொண்டு, காலையிலும் மாலையிலும் அக்கழகத்திற்குச் சென்று ஆராய்ச்சி செய்தவர். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியதும் செய்தித்தாளோடு சாய்ந்துவிடும் நம்மவர்க்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும்.

1923-இல் கிருஷ்ணன் அக்கழகத்திலே இராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த முதற்பணி, திரவங்கள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்று பார்ப்பது. அறுபத்தைந்து திரவங்களை ஒவ்வொன்றாகத் தூய்மை செய்து, ஒளியைப் பாய்ச்சி, அளந்து, 1925-இல் முடிவுகளை வெளியிட்டார். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கோ ஆண்டுகள்.

அப்பணியின்போதே ஒரு சிறு சிக்கல் அவர்கள் கண்ணிற் பட்டிருந்தது. ஒரு திரவத்தினுள் நீல ஒளியைப் பாய்ச்சினால் அதனின்று நீல ஒளியே சிதறி வருதல் வேண்டும். ஆயினும் அதனோடு மிக மெல்லிய வேறொரு நிறமும் கலந்து வந்தது. 1923-இல் கே. ஆர். இராமநாதன் அதைக் கண்டார். பின்னர்க் கிருஷ்ணனும் கண்டார். திரவத்திற் கலந்துள்ள அழுக்குகளால் எழும் ஒளிர்வு அது என்று முதலிற் கருதினர். மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. மெல்லிய ஒளிர்வு என்று பெயரிட்டு, அந்த வழக்கை ஒத்தி வைத்தனர்.

இவ்விடத்திலே ஒளிர்வுக்கும் சிதறலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாதல் வேண்டும். அன்றேல் கிருஷ்ணன் செய்தது இன்னதென்று விளங்காது. நான் இரயில்வே எழுத்தன். எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே சொல்கிறேன். ஒளி என்பது பொட்டலம் பொட்டலமாக வருவது. ஊதாப் பொட்டலத்திற் சக்தி மிகுதி. நீலம், பச்சை, மஞ்சள் எனக் குறைந்துகொண்டே போய்ச் சிவப்பில் மிகக் குறைவு. ஊதாவின் சக்தி சிவப்பினதைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல். இந்தப் பொட்டலம் ஒரு மூலக்கூறை அடையும்போது இருவகை நிகழ்ச்சிகள் உண்டு.

ஒன்று: மூலக்கூறு பொட்டலம் முழுவதையும் இறக்கி வாங்கித் தன் கிடங்கில் வைத்துக்கொள்ளும். ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே அவ்விருப்பு. அதற்குள் சரக்கில் ஒரு பகுதி சுற்றுப்புறத்திற்கு வெப்பமாகப் போய்விடும். எஞ்சியதை வேறொரு பொட்டலமாகக் கட்டி, ஏதோ ஒரு திசையில் அனுப்பிவிடும். இது ஒளிர்வு. வந்த பொட்டலம் எத்திசையில் ஆடிக்கொண்டு வந்தது என்னும் நினைவு, கிடங்கில் இருந்த நேரத்திலே பெரும்பாலும் அழிந்துபோகும். ஏனெனில் திரவத்தில் மூலக்கூறுகள் இடைவிடாது சுழன்றுகொண்டிருக்கின்றன.

மற்றொன்று சிதறல். பழைய நாளில் மெயில் வண்டி சிறு நிலையங்களில் நில்லாமலே தபால் பையை எறிந்துவிட்டுச் செல்லும் அல்லவா? அதுபோல் ஒளிப் பொட்டலம் மூலக்கூறில் தங்குவதில்லை. போகிற போக்கில், மூலக்கூறின் அதிர்வுக்கு வேண்டிய அளவு சக்தியை மட்டும் கொடுத்துவிட்டு, அவ்வளவு குறைந்த சுமையோடு செல்லும். நீலமாய் வந்தது பச்சையாய்ப் போகும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, கூடுதற் சுமையோடு செல்வதும் உண்டு. கொடுத்ததும் கொண்டதும் காசுக்குக் காசு சரியாக இருக்கும். தங்காமையால் ஆடும் திசையின் நினைவும் அழிவதில்லை; அவ்வொளியைத் தக்க கண்ணாடியால் பார்த்தால் ஒரே தளத்தில் ஆடுவது புலப்படும். ஆனால் இப்படிச் சுமை மாறிச் செல்லும் பொட்டலம் கோடியில் ஒன்று என்னும்படி அரிது.

1923-இல் அமெரிக்கராகிய காம்ப்டன், எக்ஸ் கதிர் எலெக்ட்ரானோடு மோதிச் சக்தியை இழப்பதைக் காட்டியிருந்தார். அதற்காக 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். கிராமர்ஸ், ஹைசன்பர்க் என்னும் இருவர் கட்புல ஒளியிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் இருக்கலாம் என்று ஏட்டளவிற் கணித்திருந்தனர். கண்ணாற் கண்டவர் எவருமில்லை.

1927-இன் இறுதியில் அக்கழகத்திலே வெங்கடேசுவரன் என்னும் மற்றொரு தமிழர், தூய கிளிசரினிலிருந்து சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பசுமை கலந்து வருவதையும், அது வலுவாக ஒரே தளத்தில் ஆடுவதையும் கண்டார். அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் இரசாயன அலுவலராக இருந்து, ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். அதுவரை கிருஷ்ணன் சில காலமாக ஏட்டுக் கணிப்புகளிலேயே ஆழ்ந்திருந்தார். சோதனைக்குத் திரும்புமாறு இராமன் அவரை ஏவினார். பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் ஆந்திரசீன் ஆவியை எடுத்துப் பார்த்தார். அது நன்றாகவே ஒளிர்ந்தது. ஆயினும் அவ்வொளி ஒரு தளத்தில் ஆடவில்லை. அது உண்மையான ஒளிர்வு.

அந்நாட்களில் கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதி வந்தார். அக்குறிப்புகள் இல்லாதிருந்தால் அவ்விரண்டு வாரங்களில் நிகழ்ந்தவை நமக்குத் தெரிந்திரா.

1928 பிப்ரவரி 7-ஆம் நாள் காலை. வெயிலைக் கண்ணாடியால் திருப்பி இருட்டறைக்குள் பாய்ச்சியிருந்தனர். சூரியனே அங்கு விளக்கு. கிருஷ்ணன் ஒவ்வொரு தூய திரவமாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, எல்லாத் திரவங்களுமே நிறம் மாறிய ஒளியைத் தருவதையும், அவ்வொளி யாவும் வலுவாக ஒரே தளத்தில் ஆடுவதையும் கண்டார். ஒரு திரவம் இரண்டு திரவம் என்றால் அழுக்கு எனலாம். எல்லாத் திரவமும் என்றால்? அவர் இதனைச் சொன்னபோது இராமன் நம்பவில்லை. அறைக்கு வந்தார். பெண்டேன் என்னும் திரவம் நிறைந்த குமிழ் தொட்டியில் இருந்தது. உள்ளே வரும் வெயிலின் வழியில் நீல ஊதா வடிகட்டி. அதன் வழியாக நீலமும் ஊதாவும் மட்டுமே புகும். இராமன் பச்சை மஞ்சள் வடிகட்டியைத் தம் கண்ணின்முன் வைத்துப் பார்த்தார். நீலமும் ஊதாவும் அதைக் கடக்கமாட்டா. ஆயினும் திரவத்தினுள் ஒளித்தடம் தெளிவாகத் தெரிந்தது! இத்தனையும் ஒளிர்வுதானா என்று அவர் ஐயுற்றார். நீல ஊதா வடிகட்டியிற் கசிவு இருக்கலாமன்றோ? உடனே கண்ணின்முன் இருந்த வடிகட்டியை எடுத்து, முன்னதோடு சேர்த்து வெயிலின் வழியிலேயே வைத்தார். இரண்டும் சேர்ந்து எதையும் உள்ளே விடவில்லை. தடம் முற்றிலும் மறைந்தது. அப்படியாயின் கண்ட பச்சை வெளியிலிருந்து கசிந்ததன்று, திரவத்தினுள் பிறந்தது.

இராமனின் வியப்புக்கு அளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் திரவங்களைக் கொணர்ந்து பார்த்தனர், விலக்கு ஒன்றுமில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே இதைக் காணத் தவறினோமே என்று அவர் வியந்தார். அன்றிரவு கிருஷ்ணனும் வெங்கடேசுவரனும் உணவு முடித்துத் தங்கள் அறையிற் பேசிக்கொண்டிருந்தனர். மணி ஒன்பது இருக்கும். பேராசிரியரே வீடு தேடி வந்து கீழிருந்து அழைத்தார். காலையிற் கண்டது ஒளிர்வு அன்று, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கணித்துச் சொன்ன விளைவே என்று கூறினார். வாசலில் நின்றபடியே கால்மணிக்கு மேல் பேச்சு நீண்டது. அதற்கு மாறிய சிதறல் என்று பெயரிட்டனர். ஒரு பெரிய பேராசிரியர் தம் மாணவரின் வாடகை வீட்டு வாசலில் இரவிலே நின்றுகொண்டு பேசியதைக் கிருஷ்ணன் எழுதிவைத்திருப்பது, எனக்கு அவர்களுடைய கட்டுரைகளிலும் இனிதாகத் தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து, 9-ஆம் நாள், ஆவியிலும் அவ்விளைவு உண்டா என்று பார்த்தனர். ஏற்பாடு முடியுமுன் இராமன் கல்லூரிக்கு வகுப்பெடுக்கச் சென்றுவிட்டார். பிற்பகலில் கிருஷ்ணன் ஈதர் ஆவியில் அதைத் தெளிவாகக் கண்டார். மூன்று மணிக்குத் திரும்பிய இராமனுக்குக் காட்ட வெயில் இன்னும் எஞ்சியிருந்தது. அவர் கண்டதும் கட்டடம் முழுவதும் ஓடி, எல்லோரையும் அழைத்துவரச் சொல்லி ஆர்ப்பரித்தாராம்.

இங்ஙனம் காலை முதல் மாலை வரை மங்கலான ஒளியையே உற்றுப் பார்த்ததன் பயன் விரைவில் தெரிந்தது. 17-ஆம் நாட்குறிப்பில் கிருஷ்ணன் தம் இடக்கண்ணில் தொல்லை ஏற்பட்டிருப்பதை எழுதுகிறார். சிலகாலம் நோக்கும் பணியைத் தாமே ஏற்பதாக இராமன் வாக்களித்தார். 27-ஆம் நாள் வீட்டில் சடங்கு. கிருஷ்ணன் கழகத்திற்குச் செல்லவில்லை. மறுநாள் 28-ஆம் தேதி பிற்பகலில்தான் சென்றார். அன்று நீல ஊதா வடிகட்டியோடு யுரேனியக் கண்ணாடியையும் சேர்த்து, உள்ளே புகும் நிறத்தின் அகலத்தைக் குறுக்கினர். சிறு நிறமாலைக் கருவியை நேரே தடத்தின்மேல் திருப்பிப் பார்த்தபோது, வந்த ஒளி ஒருபுறமும் மாறிய ஒளி மறுபுறமுமாக, இடையில் ஓர் இருள் வெளி தெரிந்தது. அந்த இருள் வெளிதான் சான்று. மூலக்கூறு எடுத்துக்கொண்ட சக்தியாலேயே அவ்விடைவெளி உண்டாயிற்று. மறுநாளே செய்தி வெளியிடப்பட்டது. ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

பெயர் எப்படி அமைந்தது? பிப்ரவரி 16-ஆம் நாள் இலண்டன் நேச்சர் இதழுக்குச் சென்ற முதற்குறிப்பில் இராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் இருந்தன. மார்ச்சு 8-ஆம் நாள் எழுதிய இரண்டாவது குறிப்பு இராமன் பெயரில் மட்டும் சென்றது. மூன்றாவதில் மறுபடி இருவர். பெர்லினிலிருந்த பிரிங்ஷைம் என்னும் அறிஞர் இராமன் விளைவு என்று எழுத, அதுவே நிலைத்தது. 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. தம் பரிசுப் பேருரையில் அவர் கிருஷ்ணனையும் பிற மாணவர்களையும் குறிப்பிட்டார்.

இதுபற்றி அறிஞரிடையே இன்றளவும் வாதம் உண்டு. என் கருத்தைச் சொல்வதாயின், ஒத்தி வைத்த வழக்கை மீண்டும் எடுத்து, கண்டது இன்னதென உணர்ந்து, இருள் வெளியைத் தேடிச் சென்ற உந்துதல் இராமனுடையது. எல்லாத் திரவத்திலும் அது உண்டென்று முதலிற் கண்ட கண் கிருஷ்ணனுடையது. ஏழாண்டுத் தேடலில் இராமநாதனுக்கும் வெங்கடேசுவரனுக்கும் பங்கு உண்டு. பெயர்ப் பலகையில் ஒருவர்க்கே இடம் இருந்தது. கிருஷ்ணன் அதற்காக வாயிலில் நின்று வழக்காடியவர் அல்லர். நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினார். அடுத்த வேலைக்குப் போனார்.

அந்த அடுத்த வேலை டாக்காவில். 1928 டிசம்பரில் அப்பல்கலைக்கழகத்திற் பௌதிக ரீடராகச் சேர்ந்தார். சத்தியேந்திரநாத போஸ் அங்கே இருந்தார். கிருஷ்ணன் அங்கு எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்த இயல்பு. மிக நுண்ணிய படிகக்கல் இழையிலே ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அதைத் திருப்பினார். எத்திசையில் எவ்வளவு முறுக்கினால் அது திடீரெனப் புரண்டுவிடுகிறது என்பதிலிருந்து, அதன் உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறிந்தார். அறையில் ஓர் இழை, ஒரு காந்தம், பொறுமை, வேறு பெருஞ்செலவில்லை. எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களை ஆய்ந்த மேனாட்டார்க்கு இம்முறை பெருந்துணையாயிற்று.

1933-இல் இராமன் பெங்களூருக்குச் சென்றார். கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாவிற்கே திரும்பி வந்தார். மீண்டும் ஆந்திரசீன்! ஆனால் இம்முறை ஆவியன்று, படிகம். அத்தகைய படிகங்கள் எத்திசையில் ஆடும் ஒளியை விழுங்குகின்றன, எவ்வாறு ஒளிர்கின்றன என்று தம் மாணவருடன் ஆராய்ந்தார். தனி மூலக்கூறின் குணமும், அது தன் இனத்தார் நடுவே நெருங்கி நிற்கும்போது காட்டும் குணமும் ஒன்றல்ல என்பதே அவ்வாராய்ச்சியின் ஆணிவேர்.

இப்படிகத்தில் ஒரு விந்தை உண்டு. தூய ஆந்திரசீன் நீலமாக ஒளிரும். நாப்தசீன் என்னும் உறவினப் பொருளைப் பதினாயிரத்தில் ஒரு பங்கு கலந்தால், படிகம் முழுவதும் மஞ்சட்பச்சையாக ஒளிரும். ஒளியை விழுங்கியது ஆந்திரசீன். அதை உமிழ்வதோ எங்கோ ஒரு மூலையில் நிற்கும் நாப்தசீன். நடுவே சக்தி ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்த மூலக்கூறுக்குக் கைமாறிக் கைமாறிச் சென்றிருக்கிறது! இடையில் ஒளிப் பொட்டலமே புறப்படாமல் இது நடைபெறும். இத்தகைய கைமாற்றத்தைப் பிரான்சு நாட்டு ஜான் பெரென் முன்னரே சுட்டியிருந்தார். ஜெர்மானியராகிய பார்ஸ்டர் 1940-களில் கணக்கிட்டுத் தந்தார். இரண்டு மூலக்கூறுகளுக்கிடையே உள்ள தொலைவு இருமடங்கானால் சக்தி மாற்றம் அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் பத்துக் கூறு தொலைவு தாண்டினால் ஏறக்குறைய நின்றேபோகும்.

இன்று விஞ்ஞானிகள் குவாண்டம் புள்ளி என்னும் பொருளை ஆராயும்போது எழுவதும் இதே வினாவே. அது சில ஆயிரம் அணுக்கள் மட்டும் சேர்ந்த மிகச் சிறு படிகம். ஒரே பொருள்தான், ஆயினும் அளவு சிறிதானால் நீலமாகவும் பெரிதானால் சிவப்பாகவும் ஒளிரும். எக்கிமோவ் கண்ணாடியினுள்ளும், புரூஸ் திரவத்தினுள்ளும் 1980-களின் தொடக்கத்தில் இவற்றைக் கண்டனர். 1993-இல் பவெண்டி அவற்றைச் செம்மையாக ஆக்கும் வழி கண்டார். மூவர்க்கும் 2023-இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் வந்துள்ள சில புதிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிறம் தருபவை இப்புள்ளிகளே. புள்ளி விழுங்கிய சக்தி ஒளியாக வெளிவருமா, சூழ்ந்துள்ள பொருளுக்குக் கைமாறிப் போய்விடுமா என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. போகாமற் காக்க வேண்டி, காட்மியம் செலினைடு புள்ளியைச் சுற்றித் துத்தநாக சல்பைடால் ஓர் உறை இடுவர். போகவேண்டும் என்று விரும்பினால், சக்தியை வாங்கவல்ல சாய மூலக்கூறை அருகே ஒட்டிவைப்பர். அப்புள்ளியும் உறையும் எப்படி அதிர்கின்றன என்று அறிய இன்று எடுக்கும் கருவிகளில் ஒன்று இராமன் நிறமாலை. 1928-இல் பௌபஜார் இருட்டறையிற் கண்ட அதே கொடுக்கல் வாங்கல்.

கிருஷ்ணன் இப்புள்ளிகளைக் காண இருக்கவில்லை. அவர் வாழ்வு வேறு திசையிற் சென்றது. 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-இல் சர் பட்டம். நாடு விடுதலை பெற்ற 1947-இல் டில்லியில் அமையவிருந்த தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக நியமிக்கப்பெற்றார். அக்கூடத்தை 1950 ஜனவரியில் சர்தார் படேல் திறந்துவைத்தார். 1948-இல் அமைந்த முதல் அணுசக்திக் கமிஷனில் ஹோமி பாபா தலைவர். பட்நாகரும் கிருஷ்ணனும் உறுப்பினர். 1954-இல் பத்ம பூஷண். 1958-இல் பட்நாகர் நினைவுப் பரிசு ஏற்பட்டபோது அதனை முதலிற் பெற்றவர் இவரே.

நாற்காலியில் அமர்ந்தோர் பலர் அதோடு ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடுவர். கிருஷ்ணனோ கோப்புகளுக்கு நடுவிலும் விடவில்லை. மின்சாரம் பாய்ந்து சூடேறிய உலோக இழையில், நடுவிலிருந்து முனை வரை வெப்பம் எவ்வாறு குறைந்து செல்கிறது என்பதை இறுதி ஆண்டுகளில் ஆராய்ந்தார். அங்கும் அவர் பார்த்தது ஒன்றே: ஒரு பொருளிற் புகுந்த சக்தி எவ்வழியாக, எவ்வளவு, எதற்குப் போகிறது.

அக்கூடத்தின் பணி நம் அன்றாட வாழ்வில் எங்கெல்லாம் வந்து கலந்திருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. மீட்டர், கிலோகிராம் முதலிய அளவைகளின் தேசியப் படிகள் அங்கேதான் காக்கப்படுகின்றன. மணங்கும் சேரும் போய்க் கிலோ வந்தபோது அதற்கு ஆதாரமாக நின்ற இடம் அது. வாக்களித்தபின் நம் விரலில் இடும் அழியாத மை அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து வழங்கி வருகிறது. எங்கள் இரயில்வே கால அட்டவணை முழுவதும் எந்த இந்திய நேரத்தை நம்பி ஓடுகிறதோ, அந்த நேரத்தை நாட்டுக்கு அளித்து வருவதும் அக்கூடமே.

1961 ஜூன் திங்களில், அறுபத்திரண்டாம் வயதில், பதவியில் இருக்கும்போதே சர் கே. எஸ். கிருஷ்ணன் காலமானார். டில்லியில் பூசா வளாகத்தை ஒட்டி அந்த ஆராய்ச்சிக் கூடம் நிற்கும் சாலைக்கு இன்று டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். நம் மக்கள் மிகுதியாக வாழ்ந்த கரோல்பாக்கிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை.